விழுந்தபின் எழுந்து நடத்தல்: மன்னிப்பைப் பெறுவதும் பணியை மீண்டும் கண்டடைவதும்

விசுவாசத்தில் விழுந்துபோனவர்கள் கேட்கும் கேள்விகளைக் கூர்ந்து கவனித்தால், அவை இரண்டாகத்தான் வந்து நிற்கும். கர்த்தர் என்னை மன்னிப்பாரா என்பது ஒன்று. இனிமேல் நான் அவருக்கு எதற்கு உதவுவேன் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கண்ணீரில் கலந்து வருவதால் ஒரே கேள்விபோலத் தோன்றுகின்றன. ஆனால் முதல் கேள்விக்கான விடை ஒரு கணத்தில் கிடைக்கக்கூடியது; இரண்டாவதற்கான விடை மாதங்களையும், சில வேளைகளில் ஆண்டுகளையும் எடுத்துக்கொள்வது. மன்னிப்புக் கிடைத்துவிட்டதென்றால் மறுநாளே பழைய இடத்தில் போய் உட்காரலாம் என்று நினைப்பவர் அவசரத்தில் மறுபடியும் இடறுகிறார். பழைய இடம் திரும்பக் கிடைக்காததால் மன்னிப்பே கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுகிறவர் சோர்ந்து, சபைப் பக்கமே வராமல் போகிறார். இரண்டு தவறுகளையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், இரண்டு கேள்விகளையும் பிரித்து வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

விழுகை என்று இங்கே நான் சொல்வது பலவகைப்பட்டது. தெரிந்தே செய்த ஒரு பாவமாக இருக்கலாம். வெகுகாலம் மறைத்துவைத்த ஒரு பழக்கமாக இருக்கலாம். ஊழியப் பொறுப்பில் செய்த துரோகமாகவோ, பயத்தினால் விசுவாசத்தை மறுதலித்ததாகவோ இருக்கலாம். எந்த ஒரு நாளையும் சுட்டிச் சொல்ல முடியாதபடி ஜெபமும் வேதவாசிப்பும் மெல்ல மெல்ல நின்றுபோய், உள்ளே வெறுமையாகவும் வெளியே வழக்கம்போலவும் கழிந்த வருடங்களும் விழுகைதான். கடைசியில் சொன்னதைக் கண்டுகொள்வதே கடினம், ஏனெனில் அதில் யாரும் கையும் களவுமாக அகப்படுவதில்லை.

முதல் சில நாட்கள்

விழுந்ததை உணர்ந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் பெரும்பாலும் ஆவிக்குரியதாகத் தோன்றாது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா, கர்மேல் மலையில் கண்ட வெற்றிக்குப் பின் அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் ஓடிப்போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். கர்த்தர் அப்போது அவனிடம் விளக்கம் கேட்கவில்லை. தூதன் தட்டியெழுப்புகிறான், தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். இரண்டாந்தரமும் அதே உணவுதான் வருகிறது. “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்து சேர்ந்தபின்னரே கேட்கப்படுகிறது.

ஆகவே முதல் சில நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். சபையைவிட்டு நிரந்தரமாக விலகுவது, நள்ளிரவில் ஊரறிய ஒரு நீண்ட அறிக்கை எழுதி வெளியிடுவது, இனி எனக்கு விசுவாசமே இல்லை என்று வீட்டாரிடம் அறிவிப்பது ஆகியவை எல்லாம் பின்னர் வாபஸ் வாங்க முடியாத செயல்கள். இதற்கு இரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. உங்கள் செயலால் வேறொருவருக்குத் தீங்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும். பிரசங்கிப்பது, பாடலை நடத்துவது, பிள்ளைகளுக்குப் போதிப்பது போன்ற பொறுப்பில் இருந்தால், காரணத்தை விவரமாகச் சொல்லும் அளவுக்கு மனம் தெளியாவிட்டாலும், அந்தப் பொறுப்பை உடனே நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால், அதை ஜெபத்தில் மட்டும் சொல்லிவிட்டுத் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரை உடனே பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடமும் போங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவென்று யாரேனும் சொன்னால், அவரைவிடத் தூதன் கொண்டுவந்த அடைக்கு வேதத்தில் அதிக இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைத் துக்கம்

ஒரே இரவில் இரண்டு சீஷர்கள் இயேசுவுக்குத் துரோகம் செய்தார்கள். இரண்டு பேருமே பின்பு மனம் நொந்தார்கள். யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுபோய், “குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்” என்று தன் பாவத்தை வாய்திறந்து சொன்னதாகவே மத்தேயு 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. பணத்தைத் திருப்பியதையும் பாவத்தை ஒத்துக்கொண்டதையும் பார்த்தால், அன்றைய கணக்கில் அவன் பேதுருவைவிட அதிகமாகவே செய்திருக்கிறான். இயேசுவை அறியேன் என்று மூன்றுதரம் மறுதலித்த பேதுரு, வெளியே போய் மனங்கசந்து அழுததைத் தவிர வேறொன்றும் செய்ததாக எழுதப்படவில்லை. இருந்தும் ஒருவன் தனிமையிலே முடிந்துபோனான். மற்றவன் மூன்றாம் நாள் காலையில் மற்றச் சீஷர்கள் இருந்த இடத்திலேயே இருந்தான். துக்கத்தின் அளவில் அவர்களுக்குள் இருந்த வித்தியாசத்தைவிட, அந்தத் துக்கம் அவர்களை எந்தத் திசையில் கொண்டுபோனது என்பதில் இருந்த வித்தியாசமே பெரிது.

இதைத்தான் பவுல் 2 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் தேவனுக்கேற்ற துக்கம் என்றும் லௌகிக துக்கம் என்றும் பிரிக்கிறார். உங்கள் உள்ளத்தில் இருப்பது எது என்று கண்டுகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. உள்ளே கேட்கும் குரல், “நீ இன்ன நாளில் இன்னாரிடம் இன்ன பொய்யைச் சொன்னாய்” என்று குறிப்பாகப் பேசுகிறதா, அல்லது “நீ எப்போதுமே இப்படித்தான், உன்னால் எதுவும் ஆகாது” என்று பொதுவாகப் பேசுகிறதா என்று பாருங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் வந்தபோது குற்றத்தைப் பெயர் சொல்லியே பேசினான்: ஏத்தியனாகிய உரியாவைப் பட்டயத்தால் மடிவித்தாய், அவன் மனைவியை உனக்கு மனைவியாக எடுத்துக்கொண்டாய் என்றான். குறிப்பாகச் சொல்லப்படுகிற குற்றத்திற்கு அறிக்கையும் உண்டு, பரிகாரமும் உண்டு. பொதுவாக எறியப்படுகிற பழிக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிடுவதே நல்லது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்கு, அறிக்கையிட்ட அதே பாவத்தை நாளுக்குப் பத்துத்தரம் அறிக்கையிட்டும் நிம்மதி வருவதில்லை. சரியான வார்த்தைகளில் கேட்டேனோ, முழுமனதோடு கேட்டேனோ என்று சந்தேகம் சுழன்றுகொண்டே இருக்கும். இது பக்தியின் ஆழம் என்று நினைத்து அவர்கள் இன்னும் தீவிரமாக ஜெபிக்கிறார்கள்; சுழற்சியும் இன்னும் தீவிரமாகிறது. இது மனநல மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு நிலை. சிகிச்சை உள்ள நிலை. அப்படிப்பட்டவருக்கு இன்னொரு உபவாசத்தைவிட ஒரு நல்ல மருத்துவரே தேவை.

பெயர் சொல்லி அறிக்கையிடுதல்

பல வருடங்களுக்கு முன் ஒரு வேதபாடக் குழுவில் காணிக்கைக் கணக்கு என் கையில் இருந்தது. மூடி சற்றே நசுங்கிய ஒரு தகர டப்பாவும், கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும்தான் அந்த அலுவலகம். ஒரு நெருக்கடியான மாதத்தில் டப்பாவிலிருந்து எடுத்தேன். நோட்டில் அந்த வாரத்தின் தொகையைக் குறைத்து எழுதினேன். அடுத்த மாதமே எடுத்ததை ஒரு காசு குறையாமல் திரும்ப வைத்துவிட்டேன்; யாருக்கும் தெரியவில்லை. அதனால் அது முடிந்துபோன காரியம் என்று எண்ணினேன். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் குழுவில் ஜெபிக்கச் சொன்னபோதெல்லாம் என் நாவிலிருந்து வந்தது, “எங்கள் எல்லாப் பாவங்களையும் குறைகளையும் மன்னியும்” என்ற வாக்கியம் மட்டுமே. எல்லாப் பாவங்களையும் என்று சொல்லும்போது எந்தப் பாவத்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 32-ஆம் சங்கீதத்தில் தாவீது, தான் அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்று எழுதியிருப்பதை அந்த வருடத்தில் நான் பலமுறை வாசித்தேன், எனக்கென்று வாசிக்கவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து நான் கற்ற முறை இதுதான். தனிமையான ஓர் இடத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். என்ன செய்தேன், எப்போது செய்தேன், யாருக்கு எதிராகச் செய்தேன், அதை மறைக்க வேறு என்னென்ன செய்தேன் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். என் விஷயத்தில் எடுத்த பணத்தைவிட நோட்டில் எழுதிய பொய் எண்தான் அதிகமாக உறுத்தியது. எழுதி முடித்தபின் “ஆனால்” என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். நெருக்கடி உண்மையாகவே இருந்திருக்கலாம். அதை வேறொரு நாளில் தேவனிடம் முறையிடலாம். அறிக்கையின் நடுவே அதற்கு இடமில்லை. பின்பு 51-ஆம் சங்கீதத்தை உரத்த குரலில் வாசியுங்கள். தாவீதின் பெயரால் வழங்கும் அந்த 19 வசனங்களில் உரியாவின் மனைவி பத்சேபாளைப் பற்றியோ, தாவீதின் சூழ்நிலையைப் பற்றியோ, அரண்மனையின் வேலைப்பளுவைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கிடையாது. அதன்பின் தாளில் உள்ளதைத் தேவனுக்கு முன்பாக வாய்விட்டு வாசித்துவிட்டு, தாளைக் கிழித்துவிடுங்கள். மற்றவர் கையில் அகப்படக் கூடாது என்பதற்காகக் கிழிக்கிறோமேயன்றி, அதில் சடங்கு எதுவும் இல்லை.

அதற்குப்பின் மன்னிப்பை ஏற்றுக்கொள்வது என்ற வேலை இருக்கிறது. நான் கண்டவரையில் பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். 1 யோவான் 1:9, நாம் பாவங்களை அறிக்கையிட்டால் அவற்றை மன்னிப்பதற்கு அவர் “உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்று சொல்கிறது. இரக்கமும் உருக்கமும் உள்ளவர் என்றே நாம் எதிர்பார்ப்போம். அப்படியும் வேதம் வேறு இடங்களில் சொல்கிறது. ஆனால் இந்த வசனம், மன்னிப்பை அவருடைய மனநிலையின்மேல் கட்டாமல் அவருடைய வாக்குமாறாமையின்மேலும், கிறிஸ்து ஏற்கெனவே செலுத்தித் தீர்த்த விலையின்மேலும் கட்டுகிறது. ஆகவே மன்னிக்கப்பட்ட உணர்வு வந்ததா என்று உள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உணர்வு சிலருக்கு அன்றிரவே வரும். எனக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் நான் மன்னிக்கப்படாதவனாக இருந்தேன் என்று இப்போது நான் நினைக்கவில்லை.

இன்னொரு மனிதரிடம் சொல்லுதல்

தேவனிடம் சொன்னபின் மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. சபை மரபுகள் இதற்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனம் இதற்கென்றே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்பதை 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பொதுக்கூட்டம் கட்டளையாக்கியது. அங்கே கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்திற்காகவும் வெளியிடக் கூடாது. சீர்திருத்த சபைகள் அதை அருட்சாதனமாகக் கொள்ளாவிட்டாலும், மனந்திரும்புதலைச் சிறிதாக்கவில்லை. 1517-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் வெளியிட்ட 95 கோட்பாடுகளில் முதலாவதே, விசுவாசியின் முழு வாழ்வும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்ற யாக்கோபின் வார்த்தையோ எல்லோருக்கும் பொதுவானது.

யாரிடம் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். நீங்கள் சொல்வதைக் கேட்டு அதிர்ந்துபோகாதவரும், அதற்காக உங்களைக் கொஞ்சிச் சமாதானப்படுத்திவிடாதவருமான ஒருவரைத் தேடுங்கள். பிறருடைய இரகசியங்களை “ஜெபக்குறிப்பு” என்ற பெயரில் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பவர், உங்களுடையதையும் அதே பெயரில் அடுத்தவரிடம் சொல்லுவார். பாலியல் சம்பந்தமான காரியமானால் உங்களோடு ஒத்த பாலினத்தவரையே தேர்ந்தெடுங்கள். திறந்த சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதனால் சம்பந்தப்பட்ட மற்றவர்களின் இரகசியமும் அவர்கள் சம்மதமின்றி வெளிப்பட்டுவிடுகிறது. கூட்டத்தின் கண்ணீரும் பாராட்டும் மனந்திரும்புதலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நான் கடைசியில் குழுவின் தலைவரிடம் போய்ச் சொன்னேன். வயதில் மூத்தவர். நான் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டே போனேன், அவர் நடுவில் மறித்து, “எந்த மாதம், தம்பி? எவ்வளவு?” என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னபின்தான் நான் உண்மையில் அறிக்கையிட்டேன். அவர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து, குறைத்து எழுதப்பட்ட எண்ணை என்னையே அடித்து, சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதன்பின் ஜெபித்தோம். டப்பாவை அவர் திரும்ப என்னிடம் தரவில்லை.

சட்டப்படி குற்றமானதைச் செய்தவருக்கு, குறிப்பாகச் சிறுபிள்ளைகளுக்கோ பலவீனருக்கோ தீங்கு செய்தவருக்கு, போதகரிடம் அறிக்கையிடுவது மட்டும் போதாது. சட்டத்தின் முன் நிற்பதும் அந்த மனந்திரும்புதலின் பகுதிதான். “கர்த்தர் மன்னித்துவிட்டார், வெளியே சொல்லாதீர்கள்” என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க மன்னிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த மன்னிப்பையே கேவலப்படுத்துகிறார்கள்.

ஈடுசெய்தலும் எஞ்சி நிற்கும் விளைவுகளும்

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம், பிறருக்குக் குற்றஞ்செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். பணமானால் கணக்கு எளிது. பெயரைக் கெடுத்திருந்தால், எத்தனை பேரிடம் கெடுத்தோமோ அத்தனை பேரிடமும் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும். இது பணம் கொடுப்பதைவிடக் கசப்பானது. மன்னிப்புக் கேட்கும்போது, “உங்கள் மனம் புண்பட்டிருந்தால்” என்று தொடங்காதீர்கள். செய்ததைச் சொல்லுங்கள், அது தவறு என்று சொல்லுங்கள், ஈடாக என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். பின்பு அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் கதவைச் சாத்தினாலும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவருடைய மன்னிப்பு அவருக்குரியது. வேத வசனத்தைக் காட்டி அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் எதிரே வந்து நிற்பதே பாதிக்கப்பட்டவருக்கு மேலும் காயமாகுமானால், விலகி இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஈடு.

விளைவுகள் சில நின்றுவிடும். 2 சாமுவேல் 12-இல், “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்று தாவீது சொன்ன அதே வசனத்திலேயே நாத்தான், கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்று பதில் சொல்லிவிடுகிறான். இடையில் ஒரு நாள்கூட இல்லை. ஆனால் அதே அதிகாரத்திலும் அதற்குப்பின் வரும் அதிகாரங்களிலும் பிள்ளையின் சாவும், வீட்டுக்குள் நடந்த அக்கிரமங்களும், மகன் அப்சலோமின் கலகமும் ஒவ்வொன்றாக வருகின்றன. தண்டனை தொடர்வதால் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று தாவீது ஓரிடத்திலும் வாதாடவில்லை. பிள்ளை இறந்தபின் எழுந்து, ஸ்நானம்பண்ணி, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டான். இழந்துபோன நம்பிக்கையோ, முறிந்துபோன உறவோ, திரும்பாத வேலையோ உங்களுக்கு முன்னால் இருந்தால், அந்த அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள்.

மறுபடியும் விழுந்தால்

ஆரம்ப நூற்றாண்டுகளின் சபைக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்தபின் அவர்கள் கூட்டமாகச் சபைக்குத் திரும்பி வந்தபோது, ரோமில் நொவாத்தியன் என்பவர் அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று தனிப் பிரிவை உண்டாக்கினார். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியானும் அவரோடிருந்தவர்களும் தண்டனைக் காலத்திற்குப்பின் சேர்த்துக்கொள்ளும் வழியை வகுத்தார்கள்.

325-இல் கூடிய நிசேயா சங்கம் இன்னும் துல்லியமாகப் பேசியது. வற்புறுத்தல் எதுவுமின்றி விசுவாசத்தை மறுதலித்தவர்கள் உண்மையாக மனந்திரும்பினால், மூன்று வருடம் வேதவாசிப்பைக் கேட்போருடனும், ஏழு வருடம் தாழவிழுந்து வணங்குவோருடனும், மேலும் இரண்டு வருடம் திருவிருந்து பெறாமல் சபையாரின் ஜெபங்களிலும் இருந்து, அதன்பின் முழு ஐக்கியத்தைப் பெறலாம் என்று அதன் 11-ஆம் விதி சொல்கிறது. மொத்தம் 12 வருடம். இது இன்றைக்குக் கொடுமையாகவே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு விதிகள் தள்ளி 13-ஆவது விதியில் அதே சங்கம், சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. அந்த நீண்ட வருடங்கள் மனிதருடைய நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதற்காக விதிக்கப்பட்டவை. தேவனுடைய மன்னிப்புக்கு 12 வருடம் வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் மரணப்படுக்கைக்கு அந்த விலக்கைக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அதே பாவத்தில் மறுபடியும் விழுகிறவர் செய்ய வேண்டியது, முதல் தடவை செய்த அதே காரியங்களை மறுபடியும் செய்வதுதான். கூடுதலாக ஒன்று: விழுந்த நேரத்தையும் இடத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஒரே மணி, ஒரே அறை, ஒரே மாதிரியான களைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் அந்த அறையில் தனியாக இல்லாதபடி ஏற்பாடு செய்துகொள்வது, புதிதாக ஒரு பொருத்தனை செய்வதைவிடப் பயனுள்ளது.

பணி திரும்ப வரும் விதம்

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் வேலைக்காரர் குளிர்காய்வதற்குப் போட்டது ஒன்று. அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேதுரு மறுதலித்தான். 21-ஆம் அதிகாரத்தில், 153 மீன்கள் அகப்பட்ட அந்தக் காலையில், கரையிலே இயேசு போட்டுவைத்திருந்தது மற்றொன்று. அந்தப் புகையின் வாசனை பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்பதை யோவான் எழுதவில்லை. ஆனால் மூன்றுதரம் மறுதலித்தவனிடம் மூன்றுதரம் கேள்வி கேட்கப்பட்டதையும், மூன்றாந்தரம் அவன் துக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். அதற்குமுன் எல்லோருக்கும் காலை உணவு கொடுக்கப்பட்டது.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். “இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று முதல்தரம் கேட்கப்படுகிறது. எல்லோரும் இடறினாலும் நான் இடறேன் என்று சொன்னவன் அவன். இப்போது பதிலில், தன்னை மற்றவர்களோடு ஒப்பிடும் அந்த வார்த்தையை அவன் தொடவே இல்லை. நீர் அறிவீர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். இனிமேல் இப்படிச் செய்யமாட்டாய் என்று உறுதி கொடு என்று இயேசுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேதுரு கொடுத்திருப்பான். அந்தியோகியாவில் அதை மீறியும் இருப்பான். அங்கே புறஜாதியாருடன் சாப்பிடுவதைவிட்டுப் பயந்து விலகியதற்காகப் பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது.

பணியைத் திரும்பப் பெற நான் சொல்லக்கூடிய வழி, கொடுக்கப்பட்ட சிறியதை எடுத்துக்கொள்வதுதான். விழுவதற்கு முன்பே இயேசு பேதுருவிடம், “நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்று சொல்லியிருந்தார். விழுந்தவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அந்தப் பணி கேட்கிறது. எனினும் உங்கள் விழுகையே உங்கள் தகுதிச்சீட்டு என்று அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறாதீர்கள். பெர்கே பட்டணத்தில் பவுலைவிட்டுத் திரும்பிப்போன மாற்கு, அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை; அவன் நிமித்தம் பவுலும் பர்னபாவும் கடுமையாகப் பிரிந்தார்கள். அவன் பர்னபாவுடன் சீப்புரு தீவுக்குப் போனான். அங்கே என்ன செய்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. வருடங்கள் கழித்துச் சிறையிலிருந்து எழுதப்பட்ட 2 தீமோத்தேயுவில்தான், அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டுவா என்று வருகிறது. யாரும் எழுதிவைக்காத அந்த வருடங்கள்தான் உங்களுக்கும் முதலில் கொடுக்கப்படும்.

விழுந்த இடத்தின் அருகிலேயே பணி கிடைப்பதும் உண்டு. சில வேளைகளில் அது மிகத் தாமதமாக வரும். அடிமைக் கப்பலில் வேலை செய்த ஜான் நியூட்டன், 1748-இல் ஒரு புயலின் நடுவே தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதற்குப்பின்னும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களை ஓட்டினார். பின்பு ஆங்கிலிக்கன் குருவானவரானார். அந்த வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தனக்கிருந்த பங்கையும் வெளிப்படையாக அச்சிட்டு வெளியிட்டது 1788-இல்தான். நாற்பது வருடத் தாமதம் அவருக்குப் பெருமையல்ல என்பதை அவரே அறிந்திருந்தார். கப்பலுக்குள் நடந்ததைக் கண்ணால் கண்டவராக அவர் கொடுத்த சாட்சி, அந்த வியாபாரத்தை ஒழிக்கப் போராடியவர்களுக்குப் பெரிதும் உதவியது. பிரிட்டன் அதைச் சட்டத்தால் தடைசெய்த 1807-ஆம் ஆண்டின் டிசம்பரில் அவர் இறந்தார்.

எனக்குக் கிடைத்தது நாற்காலிகள். டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட தலைவர், அடுத்த வாரம், கூட்டத்திற்கு அரைமணி முன்னதாக வந்து நாற்காலிகளை விரித்துப்போட்டு, முடிந்தபின் மடக்கி அடுக்கிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஜெபம் நடத்துகிறவனாக இருந்தவன் கடைசியில் நின்று நாற்காலி மடக்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, எந்த நாற்காலியின் கால் ஆடும், யாருக்கு முதுகுவலி, யார் கதவோரத்தில் உட்கார விரும்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. கதவோரத்தில் உட்காருகிறவர்களைப் பற்றி முன்பு நான் நினைத்ததே இல்லை.

இரண்டாவது வருடத்தில் ஒரு மாலை, எல்லோரும் போனபின் அந்தக் கதவோர நாற்காலியில் வழக்கமாக உட்காரும் இளைஞன் மட்டும் போகாமல் எனக்கு உதவியாக மடக்கிக்கொண்டிருந்தான். கடைசி நாற்காலியை நான் சுவரில் சாய்த்தபோது, “அண்ணா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை” என்றான். நான் அடுக்கிலிருந்து இரண்டை எடுத்துத் திரும்ப விரித்தேன்.